மண்டோரின் பெரட்டு

செல்லாயி கண் விழித்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே பேர் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். சாமி பேர் இல்லை, ஆட்கள் பேர். செம்மண் தோட்டத்து மேட்டு டிவிசனில் ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர்கள் அத்தனை பேரையும் வரிசை மாறாமல் சொல்வாள். இடையில் ஒரு பேர் தவறிவிட்டால் விடமாட்டாள், மறுபடி முதலிலிருந்து வருவாள். ஜெலாப்பாங்கில் அவள் மகனோடு இருக்கும் தாமான் குடியிருப்பில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டுக்காரர்கள், அம்மா மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து ரேடியோவைக் குறைத்து வைப்பார்கள்.

பேர் முடிந்தால் உடம்பு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். ஒற்றைக் காலில் நிற்பாள். பிறகு ராகிக் கஞ்சியில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு, மகன் வாங்கித் தந்த வெள்ளைச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு பாடாங்கிற்கு நடப்பாள். மலை உச்சியில் பனி விலகுவதற்குள் அந்தத் திடலை வேண்டிய மட்டும் சுற்றி வந்துவிடுவாள். எழுபதைத் தாண்டியவளுக்கு இனிப்பு நீரும் இல்லை, இரத்தக் கொதிப்பும் இல்லை. கிளினிக்கில் இருக்கும் மலாய்க்காரப் பெண் ஒவ்வொரு தடவையும் ரகசியம் என்ன என்று கேட்பாள். "கஞ்சி" என்று செல்லாயி சொல்லிவிட்டு வருவாள்.

கஞ்சியும் இல்லை, நடையும் இல்லை. வன்மம். காத்தமுத்துவை விட ஒரு நாளாவது கூடுதலாக உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் புத்தி தெளிவோடு இருக்க வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில்தான் அந்த உடம்பு ஓடிக்கொண்டிருந்தது. தெய்வம் நின்று கொல்லும் என்று சொல்கிறார்கள். தெய்வத்துக்கு ஆயிரம் வேலை, அது எங்கே நம் ஒருத்திக்காக நிற்கப்போகிறது, நாம்தான் நிற்க வேண்டும் என்பது செல்லாயியின் கட்சி.

காத்தமுத்து மேட்டு டிவிசனின் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. செல்லாயி மனசுக்குள் அவனுக்கு மரியாதை கொடுத்ததில்லை, இங்கேயும் வேண்டியதில்லை. விடியலுக்கு முன்னால் ஆபீஸ் வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். மற்ற மண்டோர்கள் ஏட்டைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். காத்தமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனப்பாடமாகவே கூப்பிடுவான். புருசனும் பெண்டாட்டியுமாக வேலைக்கு வருகிறவர்களில் பெண்டாட்டி பேர்தான் முதலில் வரும். ஆம்பளைகளைச் சீண்டுவதற்கென்று அவனே வைத்த வழக்கம் அது. செல்லாயி என்பான். இருக்கேன் என்பாள். அடுத்தது அவள் புருசன் பத்துமலை.

பத்துமலைக்குத் திக்குவாய். 'இருக்கேன்' என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து வருவதற்குள் வரிசையே சிரித்து முடித்துவிடும். காத்தமுத்து அவனைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு இழுத்துக் காட்டுவான். அது தினப்படி நடக்கிற கூத்து.

ஒரு நாள் ராத்திரி, ஸ்டோரிலிருந்து கட்டிப்பால் மூட்டைகளை மண்டோர் ஒரு லோரியில் ஏற்றிவிடுவதைப் பத்துமலை பார்த்துவிட்டான். மரத்துக் கோப்பையில் உறைந்துபோன ரப்பர் அது. டவுனில் ரப்பர் வாங்கும் சீனத் தவுக்கேயிடம் நல்ல விலை போகும். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் திக்கித் திக்கிச் சொன்னான். மூட்டை குறைந்தது தெரிந்து தோட்டத்துத் தொரை பெரட்டுக்கே வந்து நின்றபோது, மண்டோர் பத்துமலையை முன்னால் இழுத்து விட்டான். "இவந்தான் தொரை. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்." பத்துமலை 'இல்ல' என்று சொல்லத்தான் பார்த்தான். இ, இ, என்று முதல் எழுத்திலேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. வரிசை பழக்க தோஷத்தில் சிரித்தது. தொரை வாட்சைப் பார்த்தார். அன்று சாயங்காலமே தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

பத்துமலை அன்றைக்கு மூடிய வாய்தான். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது, வயசான பிறகும் போய்க்கொண்டிருந்தான். யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகன் மகேந்திரன், அப்பன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமலே வளர்ந்தான். பேசாமலே பத்துமலை செத்தும் போனான். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் தோட்டத்துச் சனங்கள் சந்திக்கும்போது, இன்னாரென்று அடையாளம் சொல்ல, "அதாம்பா, அந்தப் பால் திருடன் மகன்" என்ற பேச்சு மகேந்திரன் காதிலேயே பல தடவை விழுந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது.

தோட்டம் விற்றுப்போனது. ஆட்கள் பிழைப்புக்காக ஜெலாப்பாங் பக்கம் வந்து சேர்ந்தார்கள். காத்தமுத்து மட்டும் தெலுக் இந்தானில் மகள் வீட்டில் இருந்தான். போன வருசக் கடைசி மழையில், மகன் விக்னேஸ்வரன் அவனை ஜெலாப்பாங்கிற்கே கூட்டி வந்துவிட்டான்.

ஒரு நாள் காலை செல்லாயி அவனைப் பாடாங்கில் பார்த்தாள். இடுப்பில் நீலச் சிலுவார், தலையில் தொப்பி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன எட்டாக வைத்து வருகிறான். உயரம் குறைந்திருந்தது. மூக்கும் காதும் அப்படியே இருந்தன.  இத்தனை வருசமாகச் செல்லாயி சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன. நேரே போய் வழியை மறித்தாள்.

"என்னத் தெரியுதா? நா பத்துமலை பொண்டாட்டி."

காத்தமுத்து தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு குழந்தை மாதிரி சிரித்தான்.

"அப்படியாம்மா, ரொம்ப சந்தோசம். சாப்பிட்டியா?"

விக்னேஸ்வரன் கார் பேட்டரி கடை வைத்திருக்கிறவன், தன்மையானவன். சங்கடத்தோடு சொன்னான்.

"அத்தே, அவருக்கு நெனப்பு போயிருச்சு. என்னையே சில நாளு தம்பிங்கறாரு. எல்லார்கிட்டயும் இதேதான், சாப்பிட்டியான்னு கேப்பாரு."

செல்லாயி அன்று திடலைச் சுற்றவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். நெத்திலி சம்பல் கிண்டும்போது கரண்டி சட்டியில் மோதுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. மகேந்திரன் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். வேலை முடிந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"என்னம்மா, சட்டிய ஒடச்சிருவ போலருக்கு."

"அவன் வந்திருக்கான்டா. காத்தமுத்து. எல்லாம் மறந்துபோச்சாம்."

"அப்ப விடும்மா. கடவுளே தண்டன குடுத்துட்டாரு."

"தண்டனையா? வெகுமதிடா அது. செஞ்சவன் ஒரு பாரமும் இல்லாம செனாங்கா சிரிச்சிக்கிட்டுத் திரியிறான். பட்டவ நானு ஒவ்வொன்னா நெனப்பு வச்சிக்கிட்டுச் சாவணும். இது எந்த ஊரு ஞாயம்?"

மகேந்திரன் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"ம்மா, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. அப்பா எடுக்கலன்னு நமக்கு எப்படித் தெரியும்? அவரு சொன்னாரு, நீ நம்புன. வேற யாரு பாத்தா? அப்ப வீட்டுல கஸ்டம் வேற."

செல்லாயி கரண்டியை வைத்துவிட்டாள். ஊர் சொன்னபோதெல்லாம் வலிக்காத இடத்தில் இப்போது வலித்தது. பெற்ற பிள்ளைக்கே பாதி சந்தேகம் இருந்திருக்கிறது. இத்தனை வருசமும் அம்மா மனசு நோகக்கூடாதென்று அடக்கி வைத்திருக்கிறான். காத்தமுத்து வாயால் உண்மை வந்தாலொழிய இவன் நம்பப்போவதில்லை. அந்த வாயோ எல்லாவற்றையும் மறந்து உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் பாடாங்கில் கலாதேவியைப் பிடித்தாள். கலாதேவி, ஓய்வு பெற்ற தாதி. மூத்தவர்களைத் திரட்டிக் காலையில் நடையும் கை கால் பயிற்சியும் நடத்துகிறவள். எல்லோருக்கும் அவள் மிஸ்ஸிதான்.

"மிஸ்ஸி, மறந்துபோனது திரும்ப வருமா?"

"முழுசா வராதுக்கா. ஆனா பழசு அடியில கெடக்கும். தெனம் நடக்க வச்சு, பேச்சுக் குடுத்து, கை பழகுன வேலைய செய்யச் சொன்னா, சில பேருக்குக் கொஞ்சம் மேல வரும். பொறுமை வேணும். வீட்டு ஆளுங்களுக்கே அது இருக்காது. ஏன் கேக்குறீங்க?"

"மண்டோரப் பாத்தா பாவமா இருக்கு. நா பாத்துக்கவா?"

கலாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லாயிக்கே தன் வாயிலிருந்து அப்படி ஒரு பொய் அத்தனை சுத்தமாக வந்ததில் ஆச்சரியம்தான்.

அன்றையிலிருந்து காத்தமுத்து அவள் கையில். விக்னேஸ்வரன் கொண்டுவந்து விடுவான், கடை திறக்கிற நேரத்தில் கூட்டிப் போவான். செல்லாயி அவனை நடக்க வைத்தாள். உட்காரப் பார்த்தால் விடமாட்டாள், "இன்னும் ஒரு சுத்து மண்டோரே" என்பாள். பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொன்னாள். விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி நீட்டச் சொன்னாள். தூக்குச் சட்டியில் முருங்கைக்கீரை போட்ட கஞ்சி கொண்டுபோய்த் தானே பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள். மரம் வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது, பால் எடுக்க மணி எப்போது அடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். முதலில் பதில் வராது. பிறகு பாதி வரும். மழை நாளில் திடல் சேறாகிவிட்டால், பூப்பந்து மண்டபத்தின் தாழ்வாரத்தில் நடத்தினாள். ஒரு நாள் விட்டதில்லை.

நடை முடிந்தால் எல்லோரும் மதார் சாகிப் கடையில் உட்காருவார்கள்.

"அக்காவுக்கு வழக்கம்போல தே ஓ கோசோங், சீனி கூடாது" என்று மதார் சாகிப் உள்ளே பார்த்துச் சொல்வார். "மண்டோருக்கும் அதேவா? ஒங்க மனசு யாருக்கும் வராதுக்கா. கூடப்பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க."

"சீனி போட்டா மூளை மங்கிரும்னு மிஸ்ஸி சொன்னாங்க" என்று செல்லாயி காத்தமுத்துவின் கிளாசை அவன் பக்கம் தள்ளுவாள். காத்தமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பான்.

நல்லம்மாள் ஒருத்திதான் ஏமாறவில்லை. லயத்தில் அடுத்த வீட்டில் இருந்தவள் அவள். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னா செல்லாயி, பாம்புக்குப் பால் ஊத்துற."

"பல்லு மொளைக்கட்டும்னுதான்."

"மொளைச்சா?"

"அப்பறம்தானே புடுங்க முடியும்."

நல்லம்மாள் தேநீர்க் கிளாசைத் தள்ளி வைத்தாள். "நானும் அன்னிக்கு வரிசையில நின்னு சிரிச்சவதான். எம்மேல கோவம் இல்லையா ஒனக்கு?"

"ஒன்னோட கணக்கு வேற. முடிச்ச பொறவு பாத்துக்குவோம்."

அது விளையாட்டா வினையா என்று நல்லம்மாளுக்குத் தெரியவில்லை. செல்லாயிக்கும் தெரியாது.

ஒரு காலையில் தொழிற்பேட்டையில் சங்கு ஊதியது. வேறு நாளெல்லாம் ஊதுகிற சங்குதான். அன்றைக்குக் காத்தமுத்து நடந்துகொண்டிருந்தவன் நின்றான். கை இரண்டும் தானாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. முதுகு நிமிர்ந்தது. திடலில் கும்பலாய் நின்றவர்களைப் பார்த்து, "வரிசையில நில்லுங்கடா" என்றான். குரல் பழைய குரல். நல்லம்மாள் பயந்துபோய் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

செல்லாயிக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். நடைக்குழுவில் பாதி மேட்டு டிவிசன் ஆட்கள், மீதிப் பேர் வேடிக்கைக்கு நின்றார்கள். கலாதேவிக்கு ஒரே பூரிப்பு. ஞாபகப் பயிற்சிக்கு இதைவிட நல்லது எதுவும் கிடையாது என்று கைப்பேசியில் படம் எடுத்தாள்.

"பேர் கூப்பிடுங்க மண்டோரே. பெரட்டுக்கு நேரமாச்சு."

முதல் நாள் நாலைந்து பேரோடு நின்றுவிட்டது. செத்துப்போனவர்கள் பேர் வந்தால், அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இருந்தால் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். தினமும் வரிசை கொஞ்சம் நீண்டது. எங்கே நிற்கிறதோ அங்கே செல்லாயி எடுத்துக் கொடுக்கமாட்டாள். அடுத்த பேர் அவள் நாக்கு நுனியில் இருக்கும், கடித்துக்கொண்டு நிற்பாள். அவனாகவே தோண்டி எடுக்க வேண்டும். மறுநாள் சங்கு ஊதும்போது அந்தப் பேர் எப்படியோ வந்துவிடும். காத்தமுத்துவின் நடையே மாறிவிட்டது. விக்னேஸ்வரன் கும்பிடாத குறை.

"அத்தே, விடியறதுக்கு முன்னாடியே சப்பாத்து மாட்டிட்டு நிக்கிறாரு. கூட்டிட்டு வரலன்னா கதவ ஒடைக்கிறாரு. எங்க அப்பாவத் திருப்பிக் குடுத்துட்டீங்க."

"இன்னும் முழுசா வரல தம்பி. வரட்டும்."

நல்லம்மாள் பேர் வந்தது. அதற்கடுத்த முத்தம்மா பேரும் வந்தது. முத்தம்மாவுக்கு அப்புறம் செல்லாயி. அன்று சாயங்காலம் மகனிடம், "நாளைக்குக் காலையில வேலைக்குப் போவுமுன்ன பாடாங்குக்கு வா" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை.

மறுநாள் மலை தெரியாத பனி. புல் நனைந்து கிடந்தது. மகேந்திரன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றான். விக்னேஸ்வரனும் கடைக்குப் போகாமல் நின்றான். பேர் ஒவ்வொன்றாய் வந்தது, பதிலும் வந்தது. காத்தமுத்து எங்கும் தடுக்கவில்லை.

"செல்லாயி."

"இருக்கேன் மண்டோரே."

அவன் கண் சுருங்கியது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஊறியது. இந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை கஞ்சியும் காய்ச்சியது.

"பத்துமலை."

யாரும் குரல் கொடுக்கவில்லை.

"ஏய், பத்துமலை." காத்தமுத்து வரிசையைப் பார்த்தான். பிறகு வாயைக் கோணினான். "இ... இ... இ..." என்று இழுத்தான். அச்சு அசல் பத்துமலை. முத்தம்மாவுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. உடனே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் குரலைச் செல்லாயி கேட்டு எத்தனை காலம். உடம்பு ஒரு தரம் ஆடியது. ஆனால் புத்தி ஆடவில்லை. அதை ஆடாமல் வைத்திருக்கத்தானே இத்தனை வருசப் பயிற்சி. வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"பத்துமலை என்னா செஞ்சான் மண்டோரே?"

"திருட்டுப் பய. கட்டிப்பால் மூட்டையத் தூக்கிட்டான்."

மகேந்திரன் தலை குனிந்தான். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. கலாதேவி, "அக்கா, வேணாம்" என்று கையைப் பிடித்தாள். செல்லாயி கையை உதறிவிட்டு, காத்தமுத்துவின் காதருகே போனாள். குரலை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"தொரை காரேறிப் போயிட்டாரு. இப்ப நம்ம ஆளுங்க மட்டுந்தான். சும்மா சொல்லுங்க. மூட்ட உண்மையில எங்க போச்சு?"

காத்தமுத்து இரண்டு பக்கமும் பார்த்தான். தொரை இல்லை என்பது உறுதியானதும் மார்பு விரிந்தது.

"டவுன் தவுக்கே லோரியில போச்சு. நாந்தான் ஏத்திவிட்டேன். இந்தத் திக்குவாயன் பாத்துட்டான். என்னா செய்யிறது? பாத்தவனையே திருடன்னு சொல்லிட்டேன். இல்லன்னு சொல்லட்டுமே. அந்த ஒரு வார்த்த வரணுமே அவனுக்கு." சொல்லிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். கூடச் சிரிப்பார்கள் என்று எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. விக்னேஸ்வரன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

செல்லாயிக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. உடம்பு முழுக்க இனித்தது. பசித்துக் கிடந்தவள் வாயில் முதல் கவளம் விழுந்த மாதிரி இருந்தது. திரும்பி மகனைப் பார்த்தாள். கேட்டியாடா என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை.

மகேந்திரன் தலைக்கவசத்தைப் புல்லில் போட்டுவிட்டு வந்தான். நேரே காத்தமுத்துவின் முன்னால் போய் நின்றான். கை ஓங்கியிருந்தது. யாரும் தடுக்கவில்லை.

"பத்துமலை எங்கப்பா" என்றான்.  "எங்கப்பாய்யா அவரு."

காத்தமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். அதற்குள் பெரட்டு கண்ணிலிருந்து போயிருந்தது. குழந்தைச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியா தம்பி, ரொம்ப சந்தோசம். சாப்பிட்டியா?"

ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். மகனுக்குத் தெரிந்துவிட்டது, ஊருக்கும் தெரிந்துவிட்டது. மதார் சாகிப் கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. பால் திருடன் என்று சொன்ன வாயெல்லாம் மாற்றிச் சொல்லின. ஆனால் மறுநாள் விடியலில் காத்தமுத்து வந்து நின்றான். எதுவும் நடக்காத முகம். செல்லாயி மறுபடி கேட்டாள், அவன் மறுபடி மார்பை விரித்துச் சொன்னான். அதற்கடுத்த நாளும் அப்படியே. செஞ்சவனுக்கு ஒவ்வொரு நாளும் அது புதுசு. கேட்கிற விக்னேஸ்வரனுக்குத்தான் முகம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே பேசினான்.

"அத்தே, எங்கப்பாவுக்காக நா மன்னிப்புக் கேக்குறேன். கால்ல விழுவச் சொன்னாலும் விழுறேன்."

"நீ என்னா செஞ்ச தம்பி, ஒன்ன மன்னிக்க? உக்காரு, தே குடி."

"அப்ப அவரக் கேக்காம விடுங்க. ஒவ்வொரு நாளும் எம்புள்ளைங்க காதுல விழுவுது. வீட்டுலயே அடைச்சு வச்சா செவுத்துல முட்டிக்கிறாரு. கூட்டிட்டு வராமலும் இருக்க முடியல."

"நாங்களும் அப்படித்தான் தம்பி, எங்கயும் போவ முடியாம இருந்தோம்."

அவன் போன பிறகு மகேந்திரன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முன்பைவிட இப்போதெல்லாம் அவள் பக்கத்தில் அதிகம் உட்காருகிறான்.

"எனக்குத் தெரிஞ்சிருச்சும்மா. நா ஒரு நாளும் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான். போதும், விட்டுரு."

"ஒனக்குப் போதும். எனக்குப் போதலடா."

"இன்னும் என்னாம்மா வேணும் ஒனக்கு?"

செல்லாயி நிதானமாகவே சொன்னாள். "ஒங்கப்பன் எத்தன வருசம் வாயத் தொறக்காம இருந்தான்? அத்தன வருசம் காத்தமுத்து வாயத் தொறந்து சொல்லணும். தெனம் சொல்லணும். அதுக்கு அவனும் இருக்கணும், நானும் இருக்கணும்." எழுந்துபோய் மறுநாளுக்கான ராகி மாவைக் கரைத்து வைத்தாள், இரண்டு பேருக்கு.

ஆனால் குழு பொறுத்துக்கொள்ளவில்லை. கலாதேவி, இனிமேல் பெரட்டு வேண்டாம், இது பயிற்சியே இல்லை என்று சொல்லிவிட்டாள். நல்லம்மாளுக்கும் முத்தம்மாவுக்கும் அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தாங்கள் அன்றைக்கு எதற்குச் சிரித்தோம் என்பது ஒவ்வொரு நாளும் எதிரே வந்து நிற்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. காத்தமுத்து கூப்பிட்டால் யாரும் பதில் சொல்வதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை சங்கு ஊதியது. காத்தமுத்து கையைப் பின்னால் கட்டினான். முதல் பேரைக் கூப்பிட்டான். பதில் இல்லை. இரண்டாவது பேருக்கும் இல்லை. திடலில் ஆட்கள் இருந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு கையை வீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவன் அடுத்த பேரைச் சத்தமாகக் கூப்பிட்டான், அதற்கடுத்ததைக் கத்தினான்.

"கோகிலன்... ஏய், கோகிலன். எங்கடா போனீங்க எல்லாரும்?"

கண்ணில் பயம் தெரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒருத்தரும் இல்லை என்றால், அவன் மண்டோரும் இல்லை, யாருமே இல்லை.  பேரைச் சொல்லிவிட்டுக் காதைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தான், பத்துமலையின் வாயிலிருந்து சொல் வருவதற்காக அன்றைக்குத் தொரை காத்திருந்ததைவிடக் கூடுதலான நேரம். செல்லாயி தன் இடத்தில் நின்று அதையும் கண்குளிரப் பார்த்தாள்.

"நல்லம்மா." பதில் இல்லை. "முத்தம்மா." இல்லை.

குரல் தேய்ந்துவிட்டது. இன்னொரு பேருக்குப் பதில் வராவிட்டால் அவன் புல்லில் உட்கார்ந்துவிடுவான், அப்புறம் எழவே மாட்டான் என்று தோன்றியது. நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். பேசாம இரு, அதோட போயிரும் என்று கண்ணால் சொன்னாள்.

"செல்லாயி" என்றான் காத்தமுத்து. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

செல்லாயி சப்பாத்தின் பட்டையை இழுத்து இறுக்கினாள். முதுகை நேராக்கிக்கொண்டு, ஆளில்லாத வரிசையில் தன் இடத்தில் வந்து நின்றாள்.

"இருக்கேன் மண்டோரே" என்றாள். "அடுத்த பேரச் சொல்லுங்க."